மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் வணிகம் பெண்கள் கையில் இருப்பது ஏன்?

கேள்வி (தேவகோட்டை வாசகர்):
நம் பக்கத்தில் கடல் கடந்து கொண்டுவிற்கப் போனவர்கள் ஆண்கள். ஆச்சிமார் ஊரிலிருந்து வீட்டையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்டார்கள். கானா, டோகோ போன்ற நாடுகளிலோ சந்தை வணிகத்தின் பெரும்பகுதி பெண்களுடையது என்று படித்தேன். இது எப்படி அமைந்தது? வணிகம் கையில் இருப்பதால் அதிகாரமும் அவர்களிடம் இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில் (காரைக்குடி, ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்):
கானாவைப் பொறுத்தவரை வாரிசுரிமையிலிருந்து தொடங்க வேண்டும். அங்குள்ள அகான் மக்கள் தாய்வழிச் சமூகத்தார். கணவன் இறந்தால் அவன் சொத்து மரபுப்படி அவனுடைய தாய்வழி உறவினருக்கே போகும். மனைவி மக்களுக்கு அதில் உறுதியான பங்கைத் தந்தது 1985ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆகவே கணவன் பணம் வேறு, மனைவி பணம் வேறு என்று கணக்கு வைப்பதும், அவன் சாப்பாட்டுச் செலவுக்குத் தருவது போக மற்றதை அவள் தன் முதலைப் போட்டுத் தானே ஈட்டுவதும் அங்கே இயல்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகான் மக்களில் ஒரு பிரிவினரான அசாந்தே ஆண்கள் கோகோ பயிரிடத் திரும்பியபோது, அவர்களுடைய குமாசி நகரச் சந்தையில் அவர்கள் விட்ட இடங்களையும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். தக்காளிக்கு ஒரு தலைவி, வள்ளிக்கிழங்குக்கு ஒரு தலைவி என்று சரக்குவாரியாக இருந்து வழக்குத் தீர்ப்பார்கள். இறைச்சிக் கடை மட்டும் பெரும்பாலும் ஆண்களுடையது.

பதில் (பள்ளத்தூர், ஜவுளி வியாபாரி):
அதிகாரம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. டோகோவின் லோமே நகரில் டச்சு மெழுகு அச்சுத் துணியை மொத்தமாக எடுத்து, குறிப்பிட்ட அச்சுகளுக்குத் தனியுரிமையும் பெற்று விற்ற பெண்கள், பென்ஸ் கார் வைத்திருந்ததால் நானா பென்ஸ் என்றே பெயர் பெற்றார்கள். 1994 ஜனவரியில் டோகோவின் நாணயமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்புப் பாதியாகக் குறைக்கப்பட்டது. இறக்குமதித் துணியின் விலை எகிறியது. பின்னாலேயே மலிவான சீனத் துணியும் வந்து அவர்கள் வணிகத்தைச் சரித்தது. கானாவின் கதை இன்னும் கொடியது. தட்டுப்பாட்டுக்கும் விலையேற்றத்துக்கும் வியாபாரிகளே காரணம் என்று பழி சுமத்தி, 1979 ஆகஸ்டில் தலைநகர் அக்ராவின் மகோலாச் சந்தையை ராணுவ ஆட்சி இடித்துத் தள்ளியது. விலைக் கட்டுப்பாட்டையும் அந்நியச் செலாவணிப் பஞ்சத்தையும் அந்தப் பெண்களா உண்டாக்கினார்கள்?

பதில் (கண்டனூர், பலகாரத் தொழில் செய்பவர்):
அண்ணன் சொன்னது மேல்தட்டின் கதை. அங்கே சிறு வியாபாரிக்கு முதல் பணம் சேரும் வழி சூசூ என்ற சேமிப்பு முறை. வசூலிப்பவர் நாள்தோறும் கடைக்கே வந்து ஒரே தொகையை வாங்கி அட்டையில் குறித்துக்கொள்வார். மாத முடிவில் ஒரு நாள் பணத்தைக் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். வட்டி கிடையாது. நம் சிறுவாட்டுப் பணத்தைப் போல வீட்டில் ஒளித்து வைத்தால் கேட்க ஆள் வந்துவிடும் என்பதால், கூலி கொடுத்தாவது வெளியே வைக்கிறார்கள். அதே சந்தைகளில், கானாவின் வடபகுதியிலிருந்து வந்த இளம்பெண்கள் தலையில் தட்டம் வைத்துப் பிறர் சரக்கைச் சுமந்து பிழைக்கிறார்கள். கயாயே எனப்படும் அவர்களுக்குப் போட்டு விற்க முதல் இல்லை. எங்கள் தொழிலில் கைமுறுக்குச் சுற்றுவதும் பாகுப் பதம் பார்ப்பதும் பெண்கள். உரிமமும் வங்கிக் கணக்கும் பல இடங்களில் வீட்டு ஆணின் பெயரில் இருக்கின்றன. அந்த ஒரு விஷயத்தில் குமாசித் தக்காளி வியாபாரியின் நிலை எங்களுடையதை விட மேல் என்றே நினைக்கிறேன்.