கோவலனை எந்தக் கோணத்தில் எழுதுவது?

வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் படிவம் 4 (இடைநிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டு) படிக்கிறேன். சிலப்பதிகாரக் கோவலனைப் பற்றி 2 பக்கப் பாத்திரப்படைப்புக் கட்டுரை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

முதலில் காண்டம் வாரியாக எழுதினேன். ‘இது கதைச்சுருக்கம்’ என்று ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் குணங்களாகப் பிரித்துச் சான்று தேடினேன். அங்கேதான் சிக்கல். புகாரில் கண்ணகியை விட்டு மாதவியிடம் போய்ச் செல்வத்தைத் தொலைத்தவன். அடைக்கலக் காதையிலோ, மதயானையிடமிருந்து முதியவரைக் காப்பாற்றியதைச் சொல்லி அவனைக் ‘கருணை மறவன்’ என்கிறான் மாடல மறையோன். ஒரே ஆள்தானா என்றிருக்கிறது! பயிற்சி நூல்களில் நல்ல குணம், தீய குணம் என்று வெறும் பட்டியல்தான். ஏன் என்று எதுவும் சொல்வதில்லை.

அக்கா, அண்ணன்மாரே, இந்த முரணையே மையக்கருத்தாக வைத்துக் கட்டுரையைக் கட்டலாமா, இல்லை புகாரிலிருந்து மதுரை வரை அவன் மாறுவதைக் காட்டுவதா?