அலகு லைப்ரரி: அளந்தறிந்த மாறிலிகளை எப்படி வைப்பது?

சி++20-இல் நான் எழுதும் அலகு லைப்ரரி (மீட்டர், விநாடி போன்ற அலகுகளை டைப்பாகவே வைத்துக் கணக்கிடும் நிரல் தொகுப்பு), இயற்பியல் மாறிலிகளில் வந்து நின்றுவிட்டது.

முதலில் ஃப்ளோட் (32 பிட் தசம எண்) மதிப்பாக வைத்தேன். பிளாங்க் மாறிலி 6.62607015×10⁻³⁴ அடங்குகிறது, வர்க்கப்படுத்தினால் 10⁻⁶⁷ அளவுக்கு இறங்கி விடை சுழியமாகிறது. டபுளில் (64 பிட் தசம எண்) சுழியமாகவில்லை, ஆனால் ஒளிவேகத்தின் மடங்காகக் கொடுத்த வேகம் உடனே மீட்டர்/விநாடியாக மாறிவிடுகிறது.

அதனால் மாறிலியையே அலகாக்கினேன். ஒளிவேகம் அழகாக அமைந்தது. பின்னத்தின் தொகுதியிலும் பகுதியிலும் வந்தால் கம்பைல் நேரத்திலேயே அடிபட்டுப்போகிறது. பிளாங்க் மாறிலிக்கு ஸ்டாண்டர்ட் ரேஷியோ (std::ratio, பின்னத்தை இரு முழு எண்களாக வைக்கும் டைப்) போதவில்லை: தொகுதி 662607015, பகுதி 10⁴². 64 பிட் முழு எண் 9.2×10¹⁸ வரைதான் தாங்கும். பகாக் காரணிகளின் அடுக்குகளாகச் சேமித்ததும் (ஒளிவேகம் 2×7×73×293339) அதுவும் தீர்ந்தது.

தீராதது எலக்ட்ரான் நிறை. ஒளிவேகம் 1983 முதலும் பிளாங்க் மாறிலி 2019 முதலும் வரையறையாலேயே துல்லியமானவை; எலக்ட்ரான் நிறையோ அளந்தறிவது. மாறிலிகளின் பரிந்துரை மதிப்புகளை வெளியிடும் கோடேட்டா (CODATA) அமைப்பின் பட்டியலில் 2018-இல் 9.1093837015×10⁻³¹ கிலோகிராம், 2022-இல் 9.1093837139×10⁻³¹. டைப் பெயர் ஒன்று, மதிப்பு இரண்டு. பழைய மதிப்போடு கம்பைலான ஆப்ஜெக்ட் ஃபைலைப் புதியதோடு லிங்க் செய்தால், ஒரு எச்சரிக்கையும் வராமல் ஒன்பதாவது இலக்கத்தில் விடை பிசகுகிறது.

அளந்தறிந்த மாறிலிகளையும் அலகாகவே வைத்து கோடேட்டா ஆண்டை டைப்பில் சேர்ப்பதா, அவற்றை மட்டும் டபுள் மதிப்பாகப் பிரித்துவிடுவதா?