பாம்புக்கடில கிட்னி போன அப்பா, யூரின் திரும்ப வருது, டயாலிசிஸ் குறைக்கலாமான்னு யாரும் சொல்ல மாட்றாங்க

அப்பாக்கு 54 வயசு, சுகர் பிபி எதுவும் கிடையாது. திண்டிவனம் பக்கம் எங்க வயல்ல கண்ணாடி விரியன் கடிச்சுது, விஷமுறிவு ஊசி 20 குப்பி போட்டும் மூணாம் நாளே யூரின் சுத்தமா நின்னுபோச்சு, கிரியாட்டினின் (கிட்னி எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட், கூடுனா மோசம்) 8.6. பதினெட்டு நாள் பெட்ல இருந்து கழுத்துல பெர்ம்கேத்தோட (டயாலிசிஸ் பண்றதுக்கு ரத்தக்குழாய்ல வைக்கிற டியூப்) வீட்டுக்கு வந்தோம். இப்ப வாரம் 3 தடவ, 4 மணி நேரம், வெளி சென்டர்ல ஓடுது, இது ஏழாவது வாரம்.

முதல்ல நாளைக்கு 200 மில்லி வந்த யூரின் இப்ப 1,100 வருது, நானே அளந்து நோட்ல எழுதி வச்சிருக்கேன். டயாலிசிஸுக்கு முன்னாடி எடுக்குற கிரியாட்டினினும் 6.4ல இருந்து 4.1க்கு வந்துடுச்சு, அதுவும் நாங்களே வெளி லேப்ல காசு கட்டி பாத்தது. ஆனா சென்டர்ல வருஷக்கணக்கா பண்றவங்களுக்கு மாதிரியே ரெண்டரை லிட்டர் தண்ணி எடுக்குறாங்க, பிபி 90க்கு கீழ இறங்கி அப்பா துவண்டு போறாரு. அப்படி இறங்குனா தேறி வர்ற கிட்னிக்கு திரும்ப அடி விழும்ல? டெக்னீஷியன்ட்ட கேட்டா டாக்டர்ட்ட கேளுங்கங்குறார், டாக்டர் வாரம் ஒரு நாள்தான் வருவாராம், ரெண்டு தடவ போய் நின்னும் பாக்க முடியல. இதுல கைல பிஸ்டுலா (ரொம்ப நாள் டயாலிசிஸ் பண்றதுக்காக ரத்தக்குழாய்கள இணைக்கிற ஆபரேஷன்) போட்டுக்கோங்கன்னு வேற சொல்றாங்க, மூணு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள என்ன அவசரம்னு தெரியல. சிடி ஸ்கேன்ல கார்டிகல் நெக்ரோசிஸ் (கிட்னியோட வெளிப்பகுதி செத்துப்போறது) இல்லன்னு வந்திருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு.

விழுப்புரம், பாண்டிச்சேரி, செங்கல்பட்டு இந்த பக்கத்துல, வாராவாரம் யூரின், ரத்தம் பாத்து டயாலிசிஸ படிப்படியா குறைச்சு நிறுத்திப் பாக்குற நெப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) யாராவது தெரியுமா?