ரங்கூன் மொட்டை மாடியில் ஆர்க்கிட்: இலை வெந்துவிட்டது

மாடிக்காரி:
ஆர்க்கிடில் ஆறு வாண்டா வகை, நாலு டென்ட்ரோபியம் வகை, எல்லாம் மாடிக் கம்பியில் தொங்குகின்றன. திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) நெருங்க நெருங்க வெயில் கொளுத்துகிறது. கரண்ட் போனால் மோட்டாரும் ஓடாது. போன வாரம் நீல வாண்டாவின் மேல் இலை இரண்டில் வெளுத்த திட்டு. இப்போது காய்ந்த புகையிலை நிறம். பாவம் என்று மதியம் இரண்டு மணிக்கு ஓஸில் தண்ணீர் அடித்தேன். அழுகலா, வெயிலா?

பசுவேர்:
திட்டைத் தொட்டுப் பாருங்கள் அக்கா. காய்ந்து அதே அளவில் நின்றால் வெயில் சுட்டதுதான், வெட்ட வேண்டாம். கொழகொழவென்று பரவினால் அழுகல்.

தேங்காய்மட்டை:
ஓஸ்தான் வில்லன், தங்கச்சி! வெயிலில் கிடக்கும் ஓஸில் முதலில் வருவது வெந்நீர். நானும் அப்படி ஒரு செடியை அவித்திருக்கிறேன். விடியற்காலையில் வாளித் தண்ணீரில் வேரை முக்குங்கள். வெள்ளி நிற வேர் பச்சையாக மாறினால் குடித்துவிட்டது என்று அர்த்தம். குருத்தில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்கள். சிமென்ட் தரையையும் சாயங்காலம் நனையுங்கள், அனல் அங்கிருந்துதான் எழும்பும். அப்புறம், அந்த நீலம் ஷான் மலைக் காட்டுச் செடியா, கலப்பினமா? மலைச் செடிக்கு ரங்கூன் சூடு ஒத்துக்கொள்ளாது.

மாடிக்காரி:
திட்டு காய்ந்துதான் இருக்கிறது, அண்ணே. செடி ஷான் மலை ஊரான தவுஞ்சியில் வாங்கியது, மலைச் செடிதான் போல. இன்றைக்கே கீழே மாமர நிழலுக்கு இறக்கிவிட்டேன்.