அலைச்சலுக்கு நடுவே சுவர் ஏறுகிறவர்கள்: மறக்க முடியாத ஒரு நாளைச் சொல்லுங்கள்

காலை ஷிப்ட், ஓசூர்

சுவர் ஏறுகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை ஆறு முதல் இரண்டு வரை. முடிந்ததும் பஸ் பிடித்து அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, அங்கிருந்து மெட்ரோவில் பெங்களூரின் சுவர் ஏறும் கூடத்துக்கு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறந்த பிறகுதான் இது நடக்கிற காரியம் ஆனது. அதற்கு முன் சில்க் போர்டு சந்திப்பிலேயே பாதிச் சாயங்காலம் போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, துணைக்கு ஆள் இல்லாமல் நின்ற ஒரு பெண்ணுக்குக் கயிறு பிடித்தேன். முன்பின் தெரியாதவர். பாதிச் சுவரைத் தாண்டியிருப்பார், என் கைபேசி அடித்தது. தொழிற்சாலையில் லைன் நின்றால் மட்டுமே அந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும். வலது கை பிரேக்கில்தான், அதாவது விழுகிறவரை நிறுத்தும் கயிற்றுப் பக்கத்தில்தான் இருந்தது, அதை நான் விடவில்லை. இடது கையால் எடுத்துப் பார்த்தேன். பேசக்கூட இல்லை. அதற்குள் அவர் மூன்று பிடி மேலே போயிருக்கிறார், நான் இழுக்காத கயிறு அவர் முன்னால் தொங்குகிறது. கால் வழுக்கியது. ஆள் உயரத்துக்கு விழுந்து நின்றார். முழங்கால் சுவரில் இடித்த சத்தம் இப்போதும் கேட்கிறது.

இறக்கிவிட்டேன். இடுப்பில் கயிற்றைக் கட்டியிருந்த எட்டு வடிவ முடிச்சை அவிழ்த்தபடி "சாக்கு" என்றார். கன்னடத்தில் அதற்குப் போதும் என்று பொருள், ஓசூர்க்காரனுக்கு அது தெரியாதா? ஆனாலும் அந்த நேரத்தில் தமிழ்ச் சாக்காகத்தான் காதில் விழுந்தது. சொல்வதற்கு ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன் அல்லவா. அவர் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போய்க் கயிறு பிடிக்கக் கேட்டார். திட்டியிருக்கலாம்.

மொட்டைமாடி, கிருஷ்ணகிரி

பெங்களூருக்கு 90 கிலோமீட்டர். ஏழேமுக்காலுக்குப் பிள்ளைகளின் பள்ளி வேன், ஒன்பதரைக்கு எனக்கு அலுவலகம். அதனால் மாடியிலேயே சுவர் அமைத்துவிட்டேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு எட்டு அடி, கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி. பிடிகளை மாட்ட 10 மில்லிமீட்டர் போல்ட். அறுபது துளை போட்டு முடிக்கும்வரை ஆசாரி ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மட்டும், "இவ்வளவு சட்டையா மாட்டப் போகிறீர்கள்?" என்றார்.

காலை ஐந்து முதல் ஐந்தே முக்கால்வரை என் நேரம். மாமியாருக்கு இது பிடிக்காது. குடும்பப் பெண் பல்லி மாதிரி தொங்குவதா என்று உறவுக்காரர்கள் முன்னாலேயே கேட்டிருக்கிறார். ஒரு நாள் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்து மாடிக்குப் போனேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கீழ் வரிசைப் பிடியில் இரண்டு காலையும் வைத்து, மேலே ஒரு மஞ்சள் பிடியைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார். அறுபத்துநான்கு வயது. என்னைப் பார்த்ததும் இறங்கினார். "கொடிக்கயிறு தொய்ந்து கிடந்தது, இழுத்துக் கட்டலாம் என்று ஏறினேன்" என்றார்.

கொடி இருப்பது எதிர்ப்பக்கம். இன்றுவரை நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பழைய கை

காலை ஷிப்ட் தம்பி, வலது கையை விடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பிரேக் கையை விடாமல் இருப்பது குறைந்தபட்ச ஒழுங்கு, அதற்கு மெடல் கிடையாது. இடது கை கயிற்றைக் கீழே இழுக்க, வலது கை அதை வாங்க, இரண்டும் சேர்ந்தால்தான் பிலே, அதாவது ஏறுகிறவருக்குக் கயிறு பிடிப்பது. நானும் ஒருமுறை விழுந்து கணுக்காலைப் பெயர்த்துக்கொண்டவன், அதை விடுங்கள்.

துணை இல்லாமல் போகிறவர்கள், கருவியே கயிறு பிடிக்கும் ஆட்டோ பிலே இருக்கும் இடமாகப் பார்க்கலாம், இல்லையென்றால் கயிறே இல்லாத போல்டரிங். கீழே மெத்தை, ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். வாரம் இரண்டு நாள் போதும், நடுவில் இரண்டு நாள் இடைவெளி கட்டாயம். தசை சீக்கிரம் பலப்படும். விரலில் இருக்கும் தசைநார்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அவை மெதுவாகத்தான் இறுகும். மூன்று மாதத்தில் விரல் வீங்கி வந்து நிற்பவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கு தெரியாதவர்கள். நேரமில்லை என்று கைகளைச் சூடுபடுத்தாமல் ஏறாதீர்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் போலந்தின் அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 15 மீட்டர் சுவரை 6.06 விநாடியில் ஏறினார், அவர்கூட அதற்கு முன் நின்று நிதானமாகத் தயாராகிறவர்தான். மொட்டைமாடி அம்மா, உங்கள் பிளைவுட் மழையில் ஊதிப்போகும். ஓரங்களுக்கு வார்னிஷ் அடியுங்கள். மாமியாரை மெத்தை போடாமல் ஏறவிடாதீர்கள்.

ராயக்கோட்டைக்காரன்

சுற்றிலும் கருங்கல் குன்றாக இருக்கும் மாவட்டத்தில் பிறந்துவிட்டு, பெங்களூருக்குப் போய்ப் பணம் கட்டி பிளாஸ்டிக் பிடிகளில் ஏறுகிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

பாறையில் ஒரு மணி நேரமாக ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் வந்து, நான் கழற்றி வைத்திருந்த ஷூவை எடுத்துப் பார்த்தான். "அண்ணா, உங்களை ஏமாற்றிவிட்டார்கள், இது இரண்டு நம்பர் சின்னது" என்றான். விரல் மடங்கும்படி இறுக்கமாகத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. எனக்கும் பாதி நம்பிக்கை போய்விட்டது.

காலை ஷிப்ட், ஓசூர்

அண்ணா, கோட்டை இருக்கும் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அங்கே கயிறு மாட்டப் பாறையில் போல்ட் அடிக்க முடியாது. மற்ற பாறைகள் பகல் இரண்டரை மணிக்கு தோசைக்கல். எனக்குக் கிடைப்பதே அந்த நேரம்தான்.

ஞாயிறு ரயில், தருமபுரி

வாரம் ஆறு நாள் பெங்களூரில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஏறிவிட்டு ஞாயிறு காலை ஊருக்கு ரயில் பிடிப்பேன். ஒருமுறை கெலமங்கலத்தில் ஒரு பாட்டி ஏறி எதிரில் உட்கார்ந்தார். டிக்கெட்டை எடுக்க நான் கையை விரித்தபோது அவர் பார்த்துவிட்டார். அன்று உள்ளங்கையில் தோல் இரண்டு இடத்தில் உரிந்திருந்தது, நகக்கண்ணில், கை வழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளைப் பொடி. என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எந்தக் குவாரியில் வேலை கண்ணு?"

அவர் கையையும் விரித்துக் காட்டினார். ஜல்லி உடைத்த கை. வலது ஆள்காட்டி விரல் நேராக நிமிரவில்லை. பொடியைக் கழுவாமல் தூங்காதே, வெடிப்பில் இறங்கிவிடும் என்றார். பையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்துவிட்டார். மாதம் இவ்வளவு கட்டித்தான் இந்தக் கையைக் கிழித்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குவாரி பெயரையும் சொல்லவில்லை. "ஆமாம் பாட்டி" என்று மட்டும் சொன்னேன். எதற்கு ஆமாம் என்று இன்னும் யோசிக்கிறேன். மாரண்டஹள்ளியில் இறங்கிப் போய்விட்டார்.

பழைய கை

ஏறுவதற்கு முன் எண்ணெய் தேய்க்காதீர்கள், பிடி வழுக்கும். ஏறி முடித்த இரவில் தேய்க்கலாம். காய்ப்பை அவ்வப்போது தேய்த்துச் சமப்படுத்தினால் தோல் உரியாது. அந்த வெள்ளைப் பொடி மெக்னீசியம் கார்பனேட், கல் தூசி போல ஆபத்தானது அல்ல.

ஞாயிறு ரயில், தருமபுரி

ஐயா, நான் கேட்டது அதுவல்ல.

மொட்டைமாடி, கிருஷ்ணகிரி

பழைய கை ஐயாவுக்கு: வார்னிஷ் அடித்தாயிற்று. பழைய பஞ்சு மெத்தை இரண்டைக் கீழே போட்டிருக்கிறேன்.

கீழ் வரிசையில் பெரிய பிடிகளாகப் பார்த்து நான்கு சேர்த்து மாட்டினேன். கொடிக்கயிற்றையும் அவிழ்த்து அந்தப் பக்கமே கட்டிவிட்டேன்.