டிஃபரன்ஷியல் ரேஷியோ: பின்னச்சு விகிதமா, கடையிணைத் தகவா?

கொக்குவிலிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். மொரிஸ் மைனர் என்ற பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக ஒரு சிறு கைந்நூலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பிரேக், கார்புரேட்டர் எல்லாவற்றையும் ஒருவழியாகத் தாண்டிவிட்டேன். டிஃபரன்ஷியல் ரேஷியோவில் வந்து நிற்கிறேன்.

948 சிசி மைனருக்கு இது 4.55. 1962இல் வந்த 1098 சிசி வண்டிக்கு 4.22. எஞ்சின் பக்கமிருந்து வரும் நீளத் தண்டு 4.22 தடவை சுற்றினால் சில்லு ஒரு தடவை சுற்றும் என்று பொருள். நாலாம் கியரில் கியர்பெட்டி எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆகவே அதிவேகப் பாதையில் எஞ்சின் எவ்வளவு கத்தும் என்பது இந்த எண்ணின் கையில்தான் இருக்கிறது. 90 கிலோமீற்றரில் போகும்போது 4.55 என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,800 சுற்று. 4.22 என்றால் 3,500. எம்ஜி மிட்ஜெட்டில் இருந்த 3.9ஐக் கழற்றி வந்து பூட்டினால் 3,250. பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேசலாம்.

நான் 'வகையீட்டு விகிதம்' என்று எழுதியிருந்தேன். உயர்தரம் படிக்கும் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இது கார்ப் புத்தகமா, கணக்குப் புத்தகமா?" என்று கேட்டாள். நல்ல சொல் தாருங்கள்.

கோவையிலிருந்து:

மகள் சொன்னது சரி. 'வேறுபாட்டு விகிதம்' என்றும் எழுதிவிடாதீர்கள். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றவிடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. அதற்கும் உங்கள் 4.22க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த எண் வருவது பினியன் என்ற சிறு பற்சக்கரமும் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரமும் சேர்ந்த ஜோடியிலிருந்து. பினியனில் 9 பல், கிரவுனில் 38 பல். 38ஐ 9ஆல் வகுத்தால் 4.22. அதுபோல 4.55க்கு 9, 41. 3.9க்கு 10, 39. ஆங்கிலக்காரர்கள் தவறாகச் சொல்லிப் பழகியதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

கடைசியாக வரும் பல்லிணை என்பதால் 'கடையிணை'. விகிதம் வடசொல், தகவு இருக்கிறது. பொறியியல் நூல்களில் ஏற்கெனவே புழங்குகிறது. கடையிணைத் தகவு.

மட்டக்களப்பிலிருந்து:

ஐயா, கோபிக்க வேண்டாம். 'கடை', 'பல்' இரண்டையும் சேர்த்து வாசித்ததும் எனக்குப் பல் வைத்தியர்தான் நினைவுக்கு வந்தார். தகவு என்றதும் 'தக்கார் தகவிலர்' குறள். "என் காருக்கு 3.9 தகவு" என்றால், அது என்ன அவ்வளவு நல்ல காரா என்று கேட்பார்கள். புத்தகத்தை வாசிக்கப்போவது கராஜில் கை கறுத்து நிற்கும் ஆள். பின் அக்சிலில் இருக்கிறது, விகிதம் எல்லோருக்கும் ஆறாம் வகுப்பிலேயே தெரியும். 'பின்னச்சு விகிதம்' என்று போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.

கோவையிலிருந்து:

பின்னச்சு என்றால் பின்னத்தோடு குழம்பாதா? தவிர அச்சும் அக்ஷத்திலிருந்து வந்தது என்றே அகராதி சொல்கிறது.

தஞ்சாவூரிலிருந்து:

நீண்ட நாள் பேசாமல் இருந்தேன், இப்போது முடியவில்லை.

முதலில் இலக்கணம். பின் + அச்சு, 'தனிக்குறில் முன்னொற்று உயிர்வரின் இரட்டும்', பின்னச்சு. பின்னம் + அச்சு என்றால் மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் வந்து, பின்னவச்சு ஆகும். குழப்பத்துக்கு இடமே இல்லை.

அடுத்து, அச்சு. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்கிறார் வள்ளுவர். புறநானூறு 102இல் ஔவையார் உப்பு வண்டிக்காரரைப் பாடுகிறார். எருதுகளோ இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பாரமோ அதிகம். 'அவல் இழியினும் மிசை ஏறினும்', அதாவது பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும், என்ன நேருமோ யார் கண்டது என்று உமணர் வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நண்பர் 4.22ஐயும் டிக்கியில் போட்டுக்கொண்டு 3.9இல் ஓட்டுவதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா? பாரம் அழுந்துமிடம் என்பதால் 'அழுந்து' என்ற வேரிலிருந்தே அச்சு வந்தது என்பது என் கருத்து. அக்ஷம் நம்மிடமிருந்து போனதாக இருக்கக் கூடாதா?

கோவையிலிருந்து:

சேமமும் க்ஷேமம்தான் ஐயா.

டொரொன்டோவிலிருந்து:

அச்சு எங்கிருந்தும் வரட்டும். உண்மையான சிக்கல் வேறு. ஆங்கிலக் கையேட்டில் 'உயர்ந்த விகிதம்' என்று இருந்தால் 3.9ஐச் சொல்கிறார்கள், எண் சிறியது. அப்படியே தமிழில் எழுதினால் வாசிப்பவர் 4.55ஐ வாங்கிப் பூட்டிவிட்டு அதிவேகப் பாதையில் நம்மைத் திட்டுவார். அதனால் உயர், தாழ் இரண்டையும் தூக்கிப் போடுங்கள். நெடில், குறில் என்று சொல்லலாம். எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினால் 4.55 உள்ள கார் மணிக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில் போகும், 3.9 உள்ளது 28இல் போகும். ஒரே மூச்சில் நெடுந்தூரம் போவது நெடில். எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

தஞ்சாவூரிலிருந்து:

அருமை தம்பி. 4.22 நடுவில் நிற்பதால் அது ஐகாரக்குறுக்கம். மொழிமுதலில் ஒன்றரை மாத்திரை.

கோவையிலிருந்து:

நன்னூலார் ஒரு மாத்திரை என்றல்லவா சொல்கிறார்?

(இதன்மேல் பதினொரு மடல்கள் வந்தன. அவற்றில் கார் இல்லை.)

கொக்குவிலிலிருந்து:

இன்று வியாழன். எங்கள் கராஜ் அண்ணரிடம் எல்லாச் சொற்களையும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு அது 'கிரவுண் பினியன்', முப்பது வருடமாக. நெடில் மட்டும் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் சொல்லைவிட முக்கியம் என்பதால் புத்தகத்தில் சேர்த்திருக்கிறேன். ஒன்று, 4.22ஐக் கழற்றிவிட்டு 3.9 பூட்டினால் வேகமானி பொய் சொல்லும். அதன் கம்பி கியர்பெட்டியிலிருந்து வருவதால் முள் 83இல் நிற்கும்போது கார் 90இல் போய்க்கொண்டிருக்கும். இரண்டு, 37 குதிரைவலு எஞ்சினுக்கு நெடில் ஆகாது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போனால் மூன்றாம் கியரே திணறும். 48 குதிரைவலு உள்ள 1098 என்றால் தாராளமாகப் பூட்டலாம்.

மட்டக்களப்பிலிருந்து:

மேடு ஏறாதவனுக்கு நெடில், ஏறுபவனுக்குக் குறில். ஔவை சரியாகத்தான் கேட்டிருக்கிறா. பின்னச்சு விகிதத்துக்கு என் வாக்கு.

டொரொன்டோவிலிருந்து:

சரி, எனக்கும். நெடில், குறிலை விடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

ஒப்புகிறேன். சந்தி பிழையாமல் அச்சிடுங்கள்.

கொக்குவிலிலிருந்து:

நன்றி. 'பின்னச்சு விகிதம்' என்றே போகிறது. முதல் இடத்தில் மட்டும் 'கிரவுண் பினியன் விகிதம் என்றும் சொல்வர்' என்று ஒரு வரி. எண் சிறுத்தால் நெடில், பெருத்தால் குறில் என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கிறேன்.

கோவையிலிருந்து:

பதிவுக்காக மட்டும்: அது பின்னச்சில் இருக்கிறது என்பது மைனருக்குச் சரி. முன்சக்கரத்தால் ஓடும் மினிக்குக் கைந்நூல் எழுதும்போது என்ன செய்வீர்கள்? கடையிணைத் தகவு அங்கேயும் நிற்கும்.