பல்லடத்தில் இரண்டாவது கோழி ஷெட் போடலாமா? அமெரிக்கக் கோழிக்கால் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது

பல்லடத்தான்

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் 11 வருடமாக வேலை செய்கிறேன். ஊர் பல்லடம் பக்கம். அண்ணன் அங்கே கறிக்கோழி வளர்க்கிறார், 5,000 குஞ்சு பிடிக்கிற ஒரு ஷெட். கம்பெனி குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் இறக்கும், நாங்கள் 40, 45 நாள் வளர்த்துக் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு.

இப்போது அண்ணன் இன்னொரு ஷெட் போடலாம் என்கிறார். பாதி வங்கிக் கடன், மீதி என் சேமிப்பு. ஒரு மாதமாக இதே யோசனைதான். போன ஞாயிற்றுக்கிழமை பேரங்காடியில் உறைந்த கோழி இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தேன், 2 கிலோ கால் பை 8 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) கிடக்கிறது, பிரேசிலில் இருந்து கடல் தாண்டி வந்தது. கோழி அடித்து, வெட்டி, உறையவைத்து, கப்பலேற்றி இந்த விலைக்கு விற்க முடிகிறது என்றால் எங்கள் அண்ணன் எங்கே நிற்பார்? அமெரிக்காவுடன் வர்த்தகப் பேச்சு நடக்கிறது, கோழிக்காலுக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். இறக்குமதி, கோழிக்கடை, தீவனம் என்று இந்தத் தொழில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பணத்தைப் போடலாமா?

குளிர்கிடங்கு

தம்பி, நான் 14 வருடமாக இறைச்சி இறக்குமதியில் இருக்கிறேன், கிடங்கும் பார்க்கிறேன், காகித வேலையும் பார்க்கிறேன். முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கால் மலிவாக இருப்பதற்குக் காரணம் அமெரிக்காக்காரன் நம்மைவிட மலிவாகக் கோழி வளர்க்கிறான் என்பது மட்டும் இல்லை. அங்கே மக்களுக்கு வேண்டியது நெஞ்சுக்கறி. ஒரு கோழியில் போட்ட காசையும் லாபத்தையும் நெஞ்சிலேயே எடுத்துவிடுவான். காலும் தொடையும் மீந்துபோன சாமான், எந்த விலைக்குப் போனாலும் அவனுக்கு வரவுதான். நம் ஊரில் நேர் எதிர், முதலில் கேட்பதே லெக்பீஸ்தான். அவனுக்கு மிச்சம், நமக்கு விருந்து. உங்கள் அண்ணன் முழுக்கோழிக்கான செலவைச் சுமந்துகொண்டு, வேறொருவர் கழித்துப் போட்ட துண்டின் விலையோடு மோத வேண்டும். போட்டி சமமாக இல்லை என்று சொல்வது இதனால்தான்.

இப்போதைக்கு உங்களைக் காப்பாற்றுவது வரி. இந்தியாவில் கோழிக்காலுக்கு இறக்குமதி வரி 100 விழுக்காடு. இதற்கு முன் தடையே இருந்தது, பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி 2007-ல் போட்டார்கள். அமெரிக்கா 2012-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, 2015-ல் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. அதன் பிறகும் இழுத்து இழுத்து 2023 செப்டம்பரில்தான் சமாதானம். அப்போது வரி குறைத்தது உறைந்த வான்கோழிக்கும் வாத்துக்கும். கோழிக்காலைத் தொடவில்லை. இத்தனை வருடம் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் பல்லடமும் நாமக்கல்லும் போன்ற ஊர்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, நம் மக்கள் கடையில் கண்ணெதிரே வெட்டின கோழியைத்தான் வாங்குவார்கள். உறைந்த கறியை வீட்டுக்குக் கொண்டுபோகிற பழக்கம் அங்கே இன்னும் குறைவு, கிராமம் வரைக்கும் குளிர்வண்டியும் இல்லை. ஆகவே நாளைக்கே வெள்ளம் போல் வந்துவிடாது. ஆனால் பிரியாணிக் கடைக்காரருக்கு உறைந்தது, உறையாதது என்ற பேச்சே இல்லை, விலைதான். அவர்கள் நகர்ந்தாலே பண்ணை விலை இறங்கிவிடும்.

தேக்கா அக்கா

தம்பி, சிங்கப்பூர் பேரங்காடியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், அதில் பாதிதான் நியாயம். நாங்கள் மலிவாகச் சாப்பிடுகிறோம், சரி. ஆனால் எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கறிக்கோழிப் பண்ணை என்று இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை. 70-களில் இங்கேயே வளர்த்த கோழியும் முட்டையும் ஊருக்கே போதும் என்று மாமனார் சொல்வார், லிம் சூ காங், பொங்கோல் பக்கம் எல்லாம் பண்ணைகள். நிலம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் போனது. இன்று மிஞ்சியது சில முட்டைப் பண்ணைகள் மட்டும்.

2022 ஜூன் 1-ஐ நான் மறக்க மாட்டேன். மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தின நாள். அதற்கு முந்தின வருடம் இங்கே வந்த கோழியில் 34 விழுக்காடு மலேசியாவில் இருந்து, அதுவும் கிட்டத்தட்ட எல்லாம் உயிரோடு லாரியில் வந்து இங்கே அறுக்கப்படுவது. தேக்கா சந்தையில் எங்கள் கோழிக்கடைக்கு வருவது அதுதான். கடைசி நாள் காலை 7 மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது, மூன்று கோழி கேட்டவருக்கு ஒன்றுதான் கொடுத்தோம், ஒரு பாட்டி சண்டைக்கே வந்துவிட்டார். மறுநாள் ஈரச்சந்தைக்கு வந்து பார்த்தால் கொக்கிகள் வெறுமையாகத் தொங்குகின்றன, வெட்டுக்கட்டை காய்ந்து கிடக்கிறது. நான் அந்தக் கட்டை காய்ந்து பார்த்ததே இல்லை. என் கணவர் பழக்கத்தில் கத்தியைத் தீட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிரேசில் உறைந்த கோழி இருந்தது, பட்டினி கிடக்கவில்லை, ஆனால் எங்கள் கடைக்கு வேலை இல்லை, அறுக்கும் கூடத்தில் இருந்தவர்களுக்கும் வேலை இல்லை. ஜூன் கடைசியில் இந்தோனேசியாவுக்கு அனுமதி கொடுத்தார்கள். மலேசியாவில் இருந்து மறுபடியும் கறிக்கோழி முழுதாக வந்தது அக்டோபர் 11-ல்.

நான்கு மாதத்துக்கும் மேலே. கோழி வளர்ப்பவர் நம் ஊரிலேயே இருக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய பலம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் அண்ணன் செய்வது சின்னத் தொழில் இல்லை.

ஜோகூர் லாரி

அக்கா சொன்ன அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டினது நான். மலேசியாவில் கூலாயில் இருந்து இரவில் ஏற்றி, விடிவதற்குள் சிங்கப்பூருக்கு வரும் காஸ்வே பாதையைத் தாண்ட வேண்டும், வெயில் ஏறினால் கூண்டிலேயே கோழி சாகும். தடை வந்ததும் எனக்கு அந்த மாதம் நடைக்கூலி பூஜ்யம். சிங்கப்பூரில் எல்லோரும் மலேசியாவைத் திட்டினார்கள், ஆனால் பண்ணைக்காரர்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

தீவனத்துக்கு மக்காச்சோளமும் சோயாவும் எங்கள் நாட்டில் விளைவது ஒன்றுமில்லை என்கிற அளவுதான், எல்லாம் கப்பலில் வருவது. உக்ரேன் சண்டை தொடங்கினதும் அது எகிறிவிட்டது. கோழி விலையை மட்டும் அரசாங்கம் கிலோ 8.90 ரிங்கிட் என்று கட்டிப் போட்டுவிட்டது. மானியம் உண்டு, ஆனால் கைக்கு வரத் தாமதம் என்று எங்கள் முதலாளி புலம்பாத நாள் இல்லை. வேலைக்கு வெளிநாட்டு ஆட்களும் கிடைக்கவில்லை. நட்டத்துக்கு யார் வளர்ப்பார்கள், சின்னப் பண்ணைக்காரர்கள் குஞ்சு விடுவதைக் குறைத்தார்கள், சந்தையில் கோழி இல்லை, உடனே ஏற்றுமதியை நிறுத்து என்றார்கள். மாதம் 36 லட்சம் கோழி. அந்த விலைக்கட்டு 2023 நவம்பரில்தான் நீங்கியது.

அதனால் சொல்கிறேன், வெளியில் இருந்து வருகிற கறி ஒன்றைப் பார்த்தே பயப்படாதீர்கள். தீவனம் யார் கையில், விலை யார் கையில், இதைப் பாருங்கள்.

பல்லடத்தான்

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். இறக்குமதியைத் திறந்துவிட்ட நாடுகளில் உள்ளூர்த் தொழில் நிஜமாகவே அழிந்ததா, இல்லை பண்ணைக்காரர்கள் சங்கம் பயமுறுத்துவதற்குச் சொல்வதா?

டர்பன் ரிட்டர்ன்

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சரக்குக் கப்பல் கம்பெனி வேலையாக டர்பனில் மூன்று வருடம் இருந்தேன், 2016 முதல். தென்னாப்பிரிக்காவில் ஏழை வீட்டில் கறி என்றால் கோழிதான், அதுவும் எலும்போடு உறைந்த துண்டு. ஐரோப்பாவில் இருந்து வரி இல்லாமல் வந்துகொண்டிருந்தது, பிரேசிலில் இருந்தும் வந்தது, அமெரிக்காவுக்கு 2015-ல் வருடம் 65,000 டன் என்று ஒரு ஒதுக்கீடு கொடுத்தார்கள், தங்கள் மற்றச் சரக்குகளுக்கு அமெரிக்காவில் உள்ள வரிச்சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள. பார்த்தீர்களா, வேறு தொழிலைக் காப்பாற்றக் கோழியை விட்டுக்கொடுத்தார்கள். இந்தியாவிலும் பயப்பட வேண்டியது இந்த மாதிரிப் பேரத்துக்குத்தான்.

2017 தொடக்கத்தில் டர்பனில் இருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஹாமர்ஸ்டேல் என்ற ஊரில் ஒரு பெரிய கோழி ஆலை ஆட்களைக் குறைத்தது. சுமார் 1,200 பேர். எங்கள் அலுவலகத்தில் தேநீர் போடும் அம்மாவின் மகள் அதில் ஒருத்தி. சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவள்தான் அந்த வீட்டில். அந்த அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, கோழி விலை இறங்கிவிட்டது, வாங்கத்தான் காசில்லை என்று. பிறகு 2019-ல் அரசாங்கமும் தொழிலும் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார்கள், 2020-ல் எலும்போடு உள்ள துண்டுக்கு வரியை 62 விழுக்காடாக ஏற்றினார்கள்.

ஆனால் முழுப் பழியையும் இறக்குமதி மேல் போட மாட்டேன். உள்ளூர் ஆலைகளே கறித் துண்டுக்குள் உப்புத்தண்ணீரை ஏற்றி எடை கூட்டி விற்றன, கடைசியில் 15 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் போட வேண்டி வந்தது. 2023-ல் மின்வெட்டும் பறவைக் காய்ச்சலும் சேர்ந்து அடித்தது. அந்த அடிக்கும் இறக்குமதிக்கும் சம்பந்தமில்லை.

கானாவில் இன்னும் மோசம், 2003-ல் வரியை 40 விழுக்காடாக ஏற்றச் சட்டம் போட்டு, பன்னாட்டு நாணய நிதியத்தின் நெருக்கடியில் உடனே நிறுத்திவைத்தார்கள். இன்று அங்கே கறிக்கோழியில் பெரும்பங்கு இறக்குமதி. ரஷ்யா வேறு வழி. 90-களில் அமெரிக்கக் கால்தான் அங்கே சாப்பாடு, 'புஷ் கால்' என்றே பெயர். பிறகு அளவு கட்டி, தங்கள் பண்ணைகளை வளர்த்து, இப்போது அவர்களே ஏற்றுமதி செய்கிறார்கள். அழிந்ததும் உண்டு, மீண்டதும் உண்டு.

நாமக்கல் தீவனம்

அப்பா நாமக்கல்லில் தீவன ஆலை வைத்திருந்தார், நான் இங்கே வந்து 6 வருடம். எல்லோரும் நாட்டுக் கணக்குப் பேசுகிறார்கள், நான் ஷெட் கணக்குப் பேசுகிறேன், ஏனென்றால் கேள்வி அதுதான்.

கோழி வளர்க்கிற செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம். மக்காச்சோளத்தை இப்போது எத்தனால் ஆலைகளும் வாங்குகின்றன, 2024-ல் விலை ஏறி, ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா மக்காச்சோளம் இறக்குமதி செய்தது. இதெல்லாம் கம்பெனி தலைவலி, எங்களுக்கு என்ன என்று உங்கள் அண்ணன் நினைப்பார். தீவனம் ஏறினால் கம்பெனி கைவைப்பது வளர்ப்புக் கூலியில்தான். நேரடியாகக் குறைக்க மாட்டார்கள். குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போடுவார்கள். ஒருமுறை இறக்குகிற குஞ்சு ஒரு பேட்ச், வருடம் 6 பேட்ச் எடுத்த ஷெட்டில் 4 பேட்ச்தான் வரும்.

கூலி கிலோவுக்கு 6.50 ரூபாய் என்றால் 5,000 கோழி, 2 கிலோ எடை, 65,000 ரூபாய். அதில் செத்ததைக் கழியுங்கள். தரையில் பரப்புகிற தேங்காய் நார், குஞ்சுக்குச் சூடு காட்டுகிற கரி, மின்சாரம், ஆள்கூலி கழியுங்கள். சித்திரை வெயிலில் ஒரு பிற்பகலில் 200 கோழி போன ஷெட்டைப் பார்த்திருக்கிறேன். வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, சுவர் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும், தண்ணீர் தெளித்து ஓடி ஓடி என் சித்தி மயங்கி விழுந்தார். தீவனத்துக்கு ஏற்ற எடை வரவில்லை என்று கம்பெனி அந்த பேட்ச்சுக்குக் கூலியையும் பிடித்துக்கொண்டது.

அண்ணனிடம் இவற்றைக் கேளுங்கள். கடந்த மூன்று வருடத்தில் ஒவ்வொரு வருடமும் எத்தனை பேட்ச் இறங்கியது? இரண்டு பேட்ச்சுக்கு நடுவில் எத்தனை நாள் ஷெட் காலி? வங்கித் தவணை 4 பேட்ச்சில் அடையுமா? 6 பேட்ச் வந்தால்தான் அடையும் என்றால் வேண்டாம், அமெரிக்கக் கால் வராவிட்டாலும் வேண்டாம். அப்புறம் குறைந்தபட்சம் இத்தனை பேட்ச் என்று கம்பெனி எழுத்தில் கொடுக்குமா என்றும் கேளுங்கள்.

குளிர்கிடங்கு

இந்தத் தம்பி சொன்னதுதான் சரியான கேள்வி. நான் வரியைப் பற்றி மட்டும் பேசிவிட்டேன். நாமக்கல்காரர்கள் 2023 தொடக்கத்தில் மலேசியாவுக்கே முட்டை அனுப்பினார்கள், அங்கே தட்டுப்பாடு வந்தபோது. தொழிலில் திறமை குறைவில்லை. லாபம் எந்தக் கையில் நிற்கிறது என்பதுதான் பிரச்சினை.

பல்லடத்தான்

நேற்று இரவு அண்ணனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். நோட்டை எடுத்து வரச் சொன்னேன். 2022-ல் 6 பேட்ச், 2023-ல் 5, போன வருடம் 4. இரண்டு பேட்ச்சுக்கு நடுவில் ஒருமுறை 38 நாள் காலியாகக் கிடந்திருக்கிறது, அவருக்கே எழுதிப் பார்க்கும்வரை தெரியவில்லை. தவணை 5 பேட்ச் வந்தால்தான் அடையும்.

எழுத்தில் கேட்டதற்கு கம்பெனி சூப்பர்வைசர் அப்படியெல்லாம் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டாராம். இரண்டாவது ஷெட் இப்போது இல்லை. என் பணத்தில் கொஞ்சத்தை வைத்து, இருக்கிற ஷெட்டுக்கு மேற்கூரையில் தண்ணீர் தெளிப்பானும் நாலு பெரிய விசிறியும் போடச் சொல்லியிருக்கிறேன், சித்திரைக்குள். சங்கத்தில் கூலிப் பேச்சுவார்த்தைக்கு இந்த முறை தானும் போவதாக அண்ணன் சொன்னார், இதுவரை போனதே இல்லை. தேக்கா அக்கா, இந்த ஞாயிறு உங்கள் கடைக்கு வருகிறேன், எந்த வரிசை என்று சொல்லுங்கள்.